ஊரடங்கில் தெருச் சமையல்: 300 பேருக்குச் சோறு போடும் முறை

கொரோனாவைத் தடுக்க 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுவதும் ஊரடங்கு. மறுநாளே பட்டினி கிடந்தவர்கள் அடுப்பில்லாதவர்கள்: தள்ளுவண்டி இட்லியையும் மெஸ் சாப்பாட்டையும் நம்பியிருந்த மேன்ஷன்வாசிகள், நடைபாதையில் படுப்பவர்கள், பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிக்குத் துணையாகக் காத்திருந்தவர்கள், தாபாக்கள் மூடியதால் நடுவழியில் நின்ற லாரி டிரைவர்கள். அடுப்பு இருந்த கூலித்தொழிலாளர் வீடுகளில் கஷ்டம் தலைகாட்ட ஒரு வாரம், பத்து நாள் ஆனது. அவர்களுக்குத் தேவைப்பட்டதும் வேறு.

இந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான் நிறையச் சோறு வீணானது. அடுப்பிருக்கும் வீட்டுக்குத் தினமும் பொட்டலம் கொடுத்தால், நான்காம் நாள் அது நாய்க்குப் போகும். அடுப்பில்லாதவரிடம் 10 கிலோ அரிசிப் பையைக் கொடுத்தால் அதைப் பாதி விலைக்கு விற்பதைத் தவிர அவருக்கு வழியில்லை. ஆகவே அண்டாவைத் தேடும் முன் ஒரு நோட்டை எடுங்கள்.

யாருக்குச் சோறு, யாருக்கு மளிகை

உங்கள் தெருவையும் சுற்றி ஒரு கிலோமீட்டரையும் இரண்டு பேர் நடந்து பார்த்து எழுத வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் நான்கு கேள்வி போதும்: எத்தனை பேர்? அடுப்பும் கேஸும் இருக்கிறதா? ரேஷன் கார்டு இருக்கிறதா? சாப்பிடக்கூடாதது ஏதாவது உண்டா? பெயர், ஆதார் எண், சாதி, மதம் எதுவும் வேண்டாம். கேட்டால் பாதிப் பேர் கதவைச் சாத்துவார்கள், அதில் தப்பும் இல்லை.

கார்டு பற்றிய கேள்வி முக்கியமானது. 2020 ஏப்ரலில் அரிசி கார்டுதாரர்களுக்கு 1000 ரூபாயும், விலையில்லா அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் டோக்கன் முறையில் ரேஷன் கடையில் கிடைத்தன. கார்டே இல்லாதவர்களுக்கு அந்த வழி அடைபட்டது. வெளிமாநிலத் தொழிலாளர்கள், வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள், வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட திருநங்கைகள், ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்யும் நரிக்குறவர் குடும்பங்கள் இந்த வரிசையில் வருவார்கள். உங்கள் மளிகைப் பையில் முதல் பங்கு இவர்களுக்கு. பக்கத்தில் அம்மா உணவகம் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஊரடங்கின்போது சென்னையில் அங்கே இலவசமாகவே சாப்பாடு போட்ட காலம் உண்டு. அந்த இடத்துக்கு நடந்து போகக்கூடியவர்களை அங்கே அனுப்பிவிட்டு, உங்கள் பொட்டலங்களை நடக்க முடியாதவர்களுக்கு வையுங்கள்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்துக்கான பை: அரிசி 10 கிலோ, துவரம் பருப்பு 1 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், உப்பு 1 கிலோ, சர்க்கரை அரை கிலோ, டீத்தூள் 100 கிராம், மிளகாய்த்தூள் 200, மஞ்சள்தூள் 50, வெங்காயமும் உருளைக்கிழங்கும் இரண்டிரண்டு கிலோ, குளியல் சோப்பு ஒன்று, துணி சோப்பு ஒன்று, தீப்பெட்டி, நாப்கின் ஒரு பாக்கெட். நாப்கினை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், கேட்காமலே போடுங்கள். வட மாநிலத் தொழிலாளர் தங்கும் கொட்டகைக்குப் போகும் பையில் புளியும் சாம்பார்ப்பொடியும் வீண். கோதுமை மாவு, உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய் கேட்பார்கள். அதற்காக எல்லோருக்கும் கோதுமை என்று முடிவு கட்டாதீர்கள். ஒடிசா, வங்காளத்துக்காரர்களுக்குச் சோறுதான் சாப்பாடு. கேட்டுவிட்டு வாங்குவதற்கு ஒரு போன் செலவு.

அனுமதி

2020 ஏப்ரல் 12-ல் தமிழக அரசு, அமைப்புகளும் கட்சிகளும் தனிநபர்களும் நேரடியாக நிவாரணம் கொடுக்கக் கூடாது, அதிகாரிகளிடம்தான் ஒப்படைக்க வேண்டும் என்றது. பெரிய வாக்குவாதம் எழுந்தது, வழக்கும் போனது. அதிகாரிகளுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, குறைந்த ஆட்களோடு கொடுக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதித்தது. அரசின் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு லாரியை முச்சந்தியில் நிறுத்திப் பைகளை நீட்டினால் ஐந்து நிமிடத்தில் இருநூறு பேர் முட்டிமோதுவார்கள். ஆனால் அதற்குக் கொடுப்பதையே தடுப்பது தீர்வாகாது. பசி அதிகாரியின் கோப்புக்குக் காத்திருக்காது. ஆட்களை ஓரிடத்துக்கு வரச்சொல்லாமல், சோறு ஆட்களிடம் போனால் கூட்டமே சேராது. உங்கள் விண்ணப்பத்திலும் இதைத்தான் எழுத வேண்டும்.

வார்டு அலுவலகம், காவல் நிலையம் இரண்டுக்கும் ஒரே கடிதத்தின் நகலைக் கொடுங்கள். சமைக்கும் இடம், பொட்டலங்களின் எண்ணிக்கை, போகும் தெருக்கள், நேரம், வண்டி எண், வண்டியில் போகும் மூன்று பேரின் பெயர் அதில் இருக்கட்டும். கையெழுத்து வாங்கிய நகலை வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டுங்கள். தினமும் ஒரே வண்டி, ஒரே பாதை, ஒரே நேரம் என்றால் மூன்றாம் நாளிலிருந்து தடுப்பில் நிற்கும் போலீஸ்காரருக்கு உங்களைத் தெரிந்துவிடும்.

இடமும் அடுப்பும்

கல்யாண மண்டபம் கிடைத்தால் அதன் சமையற்கட்டு, இல்லையென்றால் பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா. மூன்று பக்கமாவது திறந்திருக்க வேண்டும். கொரோனா பரவியது பெரும்பாலும் அடைத்த இடத்தில் ஒருவர் மூச்சை இன்னொருவர் இழுத்ததால். தொடக்க மாதங்களில் ஊரே தரையிலும் சுவரிலும் மருந்தடித்துக்கொண்டிருந்தது. திருப்பூரில் சந்தை வாசலில் மனிதர்கள்மேலேயே கிருமிநாசினியைத் தெளிக்கும் சுரங்கப்பாதை வைத்தார்கள், மற்ற ஊர்களும் அதைப் பார்த்துச் செய்தன. அது கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல், கிருமிக்கும் மருந்தில்லை என்று சுகாதாரத் துறையே பிறகு நிறுத்தச் சொன்னது. காசும் உழைப்பும் இருந்தால் காற்றோட்டத்துக்குச் செலவழியுங்கள்.

மேஜை, பொட்டலம் அடுக்கும் கிரேட் துடைக்க 10 லிட்டர் வாளித் தண்ணீருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். கலக்கிப் பத்து நிமிடம் தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள். அன்றன்று கலக்குங்கள், மறுநாளைக்கு வீரியம் இருக்காது. பினாயில், ஆசிட் எதோடும் சேர்க்கக் கூடாது. ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். காய்கறியைச் சோப்பிலோ பிளீச்சிங்கிலோ கழுவ வேண்டாம், ஓடும் தண்ணீர் போதும்.

அடுப்பு நிற்கும் இடத்தில் சானிடைசர் பாட்டில் இருக்கவே கூடாது. அதில் பெரும்பங்கு ஆல்கஹால். கையில் தடவிக் காய்வதற்குள் பர்னரைப் பற்றவைத்தால் கை எரியும், அந்தத் தீப்பிழம்பு பகலில் கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. சமையற்கட்டில் சோப்பும் தண்ணீரும் மட்டும். பிளாஸ்டிக் கையுறையும் வேண்டாம்: சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும், அதைப் போட்டவர் கை சுத்தம் என்று நினைத்து மூக்கையும் தொடுவார், சோற்றையும் தொடுவார்.

100 பொட்டலம் சாம்பார் சாதத்துக்கு 80 லிட்டர் கொள்ளும் அண்டா வேண்டும். 300 பொட்டலம் என்றால் மூன்று அண்டா. ஒரே பெரிய பாத்திரத்தில் 300 பேருக்குச் செய்யலாம் என்று ஆசை வரும், செய்யாதீர்கள். அதைக் கிளற இரண்டு பேர் தோள் கழன்றுபோகும். அடிப்பிடித்தால் முந்நூறும் போச்சு. மூன்றாகச் செய்தால் ஒன்று கெட்டாலும் இருநூறு பேர் சாப்பிடுவார்கள். 19 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஆயிரம் பொட்டலத்துக்கு மேல் எதிர்பார்க்காமல், எப்போதும் ஒன்று கூடுதலாக வையுங்கள். காற்றடித்தால் கேஸ் கூடுதலாகப் போகும். அடுப்பைச் சுற்றித் தகரம் மறையுங்கள், சிலிண்டரை மட்டும் மறைப்புக்கு வெளியே நிறுத்துங்கள்.

சாம்பார் சாதம், 100 பொட்டலத்துக்கு

ஒரு பொட்டலம் அரை கிலோ என்ற கணக்கு. உடலுழைப்பாளிக்கு அதற்குக் குறைந்தால் வயிறு நிறையாது.

அரிசி 8 கிலோ, துவரம் பருப்பு 2.5 கிலோ, காய் 6 கிலோ, சின்ன வெங்காயம் 2 கிலோ, தக்காளி 2 கிலோ, புளி 500 கிராம், சாம்பார்ப்பொடி 500 கிராம், எண்ணெய் 1.25 லிட்டர், உப்பு 550 கிராம், பெருங்காயம் 25 கிராம், வெல்லம் 100 கிராம், மஞ்சள்தூள், கடுகு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை, கொத்தமல்லி. தண்ணீர் மொத்தம் 36 லிட்டர்.

காயில் பரங்கி, கேரட், சௌசௌ, கத்தரி, பீன்ஸ் நல்லவை. முருங்கைக்காய் மணக்கும், ஆனால் தெருவோரம் உட்கார்ந்து சாப்பிடுபவர் சக்கையை எங்கே துப்புவார்? பொட்டலத்தில் அது வேண்டாம். தேங்காய் அரைத்து ஊற்றினால் வெயில் நாளில் மதியத்துக்கே கெட்டுப்போகும்.

1. பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, 8 லிட்டர் தண்ணீரில் மஞ்சள்தூளும் ஒரு கரண்டி எண்ணெயும் விட்டு மசிய வேகவையுங்கள். எண்ணெய் விட்டால் பொங்கி வழியாது.

2. இன்னொரு பாத்திரத்தில் அரை லிட்டர் எண்ணெயில் வெங்காயம், தக்காளி, காய் வதக்கி, 4 லிட்டரில் கரைத்த புளித்தண்ணீர், சாம்பார்ப்பொடி, உப்பு, வெல்லம் போட்டுப் பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவிடுங்கள். புளியை அரிசியோடோ பருப்போடோ முதலிலேயே சேர்த்தால் இரண்டும் வேகாமல் விறைத்து நிற்கும். நேரத்தை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுபவர்களுக்கு நேர்வது இதுதான். பிறகு தண்ணீரைச் சேர்த்துச் சேர்த்து வேகவைத்து அடிப்பிடிக்க விடுவார்கள்.

3. அரிசியை 24 லிட்டர் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். கஞ்சியை வடிக்க வேண்டாம்.

4. சோற்று அண்டாவில் பருப்பு, அதன்பின் சாம்பார் ஊற்றி, அடியிலிருந்து மேலே புரட்டிக் கிளறி, சிறு தீயில் ஐந்து நிமிடம். மிச்ச எண்ணெயில் தாளித்துக் கொட்டுங்கள்.

இறக்கும்போது சாதம் கரண்டியிலிருந்து வழிந்து விழ வேண்டும். வீட்டுப் பதத்தில் இறக்கினால் பொட்டலம் கட்டி முடிக்கும் ஒரு மணி நேரத்தில் அரிசி தண்ணீரை இழுத்துக்கொண்டு, சாப்பிடுபவர் கையில் களிபோல் கட்டியாக வரும். பக்கத்திலேயே 3 லிட்டர் கொதிநீர் தயாராக இருக்கட்டும், இறுகினால் அதை ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் சீக்கிரம் ஊசிப்போகும். அடிப்பிடித்த வாசனை வந்த உடனே கிளறுவதை நிறுத்தி, மேலாக இருப்பதை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அடியைச் சுரண்டினால் கருகல் வாசனை முழுதும் ஏறிவிடும்.

அளவைப் பெருக்கும்போது அரிசி, பருப்பு, காய் மூன்று மடங்கானால் மூன்று மடங்கே. உப்பும் புளியும் காரமும் மட்டும் இரண்டரை மடங்கு போட்டு, ருசி பார்த்து மீதியைச் சேர்க்க வேண்டும்.

மற்ற நாட்களுக்கு

தினமும் சாம்பார் சாதமென்றால் யாருக்கும் சலித்துப்போகும். எலுமிச்சை சாதத்துக்கு 100 பொட்டலத்துக்கு 12 கிலோ அரிசி, நடுத்தர எலுமிச்சை 65 பழம், எண்ணெய் 1.5 லிட்டர், நிலக்கடலை 1 கிலோ. தாளிப்பை இறக்கிய பிறகே சாறு சேர்க்க வேண்டும், அடுப்பில் இருக்கும்போது ஊற்றினால் கசக்கும். வெகுநேரம் தாங்குவது புளிசாதம். இரவு வேளைக்கும் லாரி டிரைவர்களுக்கும் அதுவே. அதே 12 கிலோ அரிசிக்குப் புளி 1.2 கிலோ, நல்லெண்ணெய் 2 லிட்டர். எண்ணெயைக் குறைத்தால் தொண்டையில் அடைக்கும். தயிர்சாதம் அக்னி நட்சத்திரத்தில் ஆபத்தான ஆசை. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பால் கூடுதலாக, தயிர் பெயருக்கு ஊற்றி, நன்றாக ஆறியபின் கட்டுங்கள்.

எந்தச் சாதமானாலும் ஒரு அவித்த முட்டை சேருங்கள். 2020 தொடக்கத்தில் கோழி தின்றால் கொரோனா வரும் என்று ஒரு புரளி கிளம்பி நாமக்கல் பண்ணைக்காரர்களை நாசம் செய்தது. முட்டைக்கும் அந்த நோய்க்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம், அதுவும் கெடாத உறைக்குள். ஓட்டை உரிக்காமல் கொடுங்கள். அவித்ததும் தண்ணீரில் ஆறவைத்து, துடைத்து ஈரம் போக உலர்த்திய பிறகே பொட்டலத்தோடு சேர்க்க வேண்டும். முட்டை சாப்பிடாதவர்களுக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல்.

பொட்டலம் கட்டுவது

ஊரடங்கில் ஓட்டலும் கல்யாணமும் நின்றதால் வாழை இலை கட்டுக்கட்டாக விலைபோகாமல் கிடந்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடையும் இருக்கிறது. இலைதான் சரி. விவசாயியிடமே நேரில் வாங்கினால் அவருக்கும் ஒரு வழி பிறக்கும்.

பச்சை இலையை அப்படியே மடித்தால் நரம்போடு கிழியும். பர்னரின் சிறு தீக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், இலையின் பின்பக்கம் தீயைப் பார்க்கும்படி ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இழுங்கள். நிறம் மங்கலாக இருந்தது பளபளவென்று கரும்பச்சையாக மாறும், அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். ஒரு விநாடி பிந்தினால் ஓரம் பொரிந்துபோகும். வாட்டிய இலை துணிபோல மடியும். ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியாலும் துடையுங்கள். ஈரம் நின்ற இடத்தில்தான் சோறு முதலில் கெடும். இலைக்கு வெளியே அச்சடிக்காத பழுப்புத்தாள் சுற்றிக் கட்டுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மையில் இருப்பது சூட்டிலும் எண்ணெயிலும் ஊறிச் சோற்றில் இறங்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அதை அனுமதிப்பதில்லை.

கட்டியதைச் சாக்கில் அடுக்கக் கூடாது. நடுவில் இருப்பவை சூடு வெளியேற வழியில்லாமல் வியர்த்து, இரண்டு மணி நேரத்தில் புளித்த வாடை அடிக்கும். காய்கறிக் கடையில் இருக்கும் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் கிரேட்டில் 25 பொட்டலம் வீதம், இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் வையுங்கள். எண்ணுவதும் சுலபம்: 12 கிரேட், 300.

நான்கு மணி நேரம்

அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக ஆறிக் கிடக்கும்போது அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு திரும்பச் சூடுபண்ணினாலும் அழியாது. வாசனையிலும் ருசியிலும் தெரியாமலேயே சோறு கெட்டிருக்கலாம். ஊரடங்கில் ஐம்பது பேருக்கு ஒரே நேரத்தில் வாந்திபேதி வந்தால், ஏற்கெனவே நிரம்பி வழியும் ஆஸ்பத்திரிக்கு அவர்களை எப்படிக் கொண்டுபோவீர்கள்?

சாப்பாடு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது அடுப்பிலிருந்து இறக்கிய நான்கு மணி நேரத்துக்குள் வயிற்றுக்குள் போக வேண்டும். காலை 5:30-க்கு அடுப்பு பற்றவையுங்கள், 9:30-க்கு முதல் அண்டா இறங்கட்டும், 11-க்கு வண்டி கிளம்பட்டும், 12:30-க்குள் கடைசிப் பொட்டலம் கைமாறட்டும். மூன்று அண்டாவையும் ஒரே நேரத்தில் இறக்காமல் அரை மணி நேர இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் மூன்றாவது அண்டா கட்ட ஆளில்லாமல் ஆறிக்கொண்டிருக்கும். தாளின்மேல் ஸ்கெட்ச் பேனாவில் «1:30-க்குள் சாப்பிடவும்» என்று பெரிதாக எழுதுங்கள். வெளிமாநிலத்தவருக்குப் போகும் பொட்டலங்களில் இந்தியிலும் எழுதுங்கள். இரவுக்கு எடுத்துவைக்கும் பழக்கம் பசித்தவர்களுக்குக் கட்டாயம் உண்டு, திட்டிப் பயனில்லை. இரவுக்கும் ஒரு வேளை கொடுக்க முடிந்தால் அந்தப் பழக்கம் தானே நிற்கும். முடியாவிட்டால் மதியப் பொட்டலத்தோடு அவல் அல்லது பன் பாக்கெட் ஒன்று சேர்த்துக் கொடுங்கள்.

ஒவ்வொரு அண்டாவிலிருந்தும் 100 கிராம் எடுத்து, தேதி எழுதிய டப்பாவில் மூன்று நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் காரணம் உங்கள் சோறா என்பதைச் சோதிக்க அதுதான் கையில் இருக்கும்.

ஆட்கள்

300 பொட்டலத்துக்குச் சமைக்க இரண்டு பேர், நறுக்கவும் கழுவவும் இரண்டு, கட்ட நான்கு, வண்டிக்கு மூன்று. இவர்களை இரண்டு குழுவாக வைத்து வாரம் ஒரு குழு வேலைசெய்ய வேண்டும், ஒரு குழு மற்றதைச் சந்திக்கவே கூடாது. ஒரே குழு ஓடினால் ஒருவருக்குத் தொற்று வந்த அன்று எல்லோரும் தனிமைக்குப் போய், 300 பேருக்கு மறுநாள் சோறில்லை. நல்ல எண்ணத்தோடு தொடங்கிய சமையற்கூடம் திடீரென்று மூட இது ஒன்றே போதும். பணத் தட்டுப்பாட்டைச் சமாளித்துவிடலாம், ஆட்கள் மொத்தமாகப் படுத்தால் ஒன்றும் செய்ய முடியாது. வண்டிக்காரர்கள் சமையற்கட்டுக்குள் வரவேண்டாம். கிரேட்டுகளை வாசல் மேஜையில் வைத்துவிட்டு உள்ளே இருப்பவர்கள் நகர்ந்துகொள்ளட்டும்.

60 வயது தாண்டியவர்கள், சர்க்கரை நோயுள்ளவர்கள் வீட்டிலிருந்தே போன் வேலையையும் கணக்கையும் பார்க்கலாம். ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டுப் பழகிய வயதான மாஸ்டரிடம் இதைச் சொல்வது கஷ்டம். அளவு சொல்லவும் பதம் பார்க்கவும் வீடியோ காலில் அவரைக் கூப்பிடுங்கள், மரியாதையும் குறையாது.

வாசலில் நெற்றிச் சூடு பார்க்கும் கருவியை மட்டும் நம்பாதீர்கள். வெயிலில் நடந்து வந்தவருக்குக் கூடுதலாகக் காட்டும், வியர்த்த நெற்றியில் குறைத்துக் காட்டும். ஐந்து நிமிடம் நிழலில் உட்காரவைத்துப் பாருங்கள். கூடவே பெருங்காய டப்பாவை முகரச் சொல்லுங்கள். வாசனை போவது கொரோனாவின் அறிகுறி என்று 2020 ஜூனில் மத்திய சுகாதார அமைச்சகம் பட்டியலில் சேர்த்தது. பெருங்காயம் தெரியாதவர் அன்றே வீட்டுக்குப் போக வேண்டும். மூக்கு வேலைசெய்யாத சமையல்காரருக்குச் சாம்பார் கருகுவதும் தெரியாது. அவருக்குக் கூலி உண்டென்றால் தனிமையில் இருக்கும் நாட்களுக்கும் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் அடுத்தவர் காய்ச்சலை மறைப்பார்.

மாஸ்க் அடுப்படியில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் வியர்வையில் நனைந்துவிடும். நனைந்தால் மூச்சும் முட்டும், பயனும் குறையும். ஆளுக்கு மூன்று துணி மாஸ்க், கழற்றியதைப் போடத் தனி வாளி.

கையில் சேர்ப்பது

கொட்டகை, மேன்ஷன், நடைபாதை என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் அங்கேயே இருக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கி, எண்ணிக்கையைக் காலை 7 மணிக்குள் போனில் வாங்குங்கள். அவர் கையில் கிரேட்டைக் கொடுத்தால் அவரே பகிர்ந்துகொடுப்பார். வரிசை தவிர்க்க முடியாத இடத்தில் ஆறடிக்கு ஒரு சுண்ணாம்பு வட்டம் போடுங்கள், நிழலில் போடுங்கள். மே மாத வெயிலில் வட்டத்துக்குள் யாரும் நிற்க மாட்டார்கள், பக்கத்து மரத்தடியில்தான் ஒட்டி நிற்பார்கள். எண்ணிக்கைக்கு மேல் நூற்றுக்கு ஐந்து பொட்டலம் கூடுதலாக எடுத்துப்போங்கள். கடைசியில் நிற்பவருக்கு இல்லையென்று சொல்லும்படி ஒரு நாள் ஆனால், மறுநாள் எல்லோரும் முன்னால் முண்டியடிப்பார்கள்.

வாங்குபவரைப் படம் எடுக்காதீர்கள். நன்கொடை கொடுத்தவர்கள் கேட்பார்கள், கொடுத்ததற்கு அத்தாட்சி வேண்டாமா என்று வாதம் செய்வார்கள். அவர்களுக்கு அடுக்கிய கிரேட்டுகளின் படமும் அன்றைய மளிகை ரசீதும் போதும். நேற்றுவரை உழைத்துச் சாப்பிட்டவரின் முகத்தை ஒரு சோற்றுப் பொட்டலத்துக்கு ஈடாகக் கேட்க யாருக்கும் உரிமையில்லை.

தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்றால் பையைக் கதவுப்பிடியில் மாட்டி, மணியடித்துவிட்டு ஆறடி தள்ளி நில்லுங்கள். கதவு திறந்து கை பையை எடுப்பதைப் பார்த்தபின் கிளம்புங்கள். தனியாக இருக்கும் முதியவர் கதவைத் திறக்கவில்லை என்றால் உடனே தெரிய வேண்டும். சென்னையில் அந்த நாட்களில் வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள், சில இடங்களில் தகரமே அடித்தார்கள். அக்கம்பக்கம் ஒதுக்கிய வலி அந்த வீட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும், இரண்டு வார்த்தை சத்தமாகப் பேசிவிட்டு வாருங்கள். நோயாளிக்குக் காரம் குறைத்து, குழைவான சாதம், முட்டை அல்லது பருப்பு. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்குச் சர்க்கரை ஏறும் என்பதால் அந்தப் பையில் இனிப்பு வேண்டாம். உப்பு குறைத்த பொட்டலத்துக்குச் சிவப்பு நூல் கட்டினால் வண்டியில் மாறிப்போகாது.

சரக்கு

2020 ஏப்ரல் 5 முதல் கடைகள் மதியம் 1 மணிவரைதான். சமையலும் அதே நேரம் என்பதால் அன்றைக்குத் தேவையானதை அன்று வாங்க முடியாது. அரிசி, பருப்பு, எண்ணெய் பத்து நாளுக்கு, வெங்காயம் ஒரு வாரத்துக்கு, காய் இரண்டு நாளுக்கு இருப்பு இருக்க வேண்டும். ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும் முந்தின நாள் கடைத்தெருவில் நின்ற கூட்டம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கையிருப்பு இருந்தால் அப்படிப்பட்ட நாளில் உங்கள் ஆளை அங்கே அனுப்ப வேண்டியதில்லை. காய் வாங்கப் பெரிய சந்தைக்குப் போகவே வேண்டாம். கோயம்பேடு தொற்றின் மையமாகி மே 5-ல் மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போனது. அங்கே போய்வந்த ஒருவர் மூலம் மொத்தச் சமையற்கூடமும் படுத்திருக்க முடியும். பக்கத்து ஊர் விவசாயி வண்டியை வாசலுக்கே வரச்சொல்லி, கிடைத்த காயில் சமையுங்கள்.

நிறுத்தும்போது

ஊரடங்கு தளர்ந்ததும் ஒரே நாளில் அண்டாவைக் கவிழ்க்காதீர்கள். மெஸ் திறந்தாலும் மேன்ஷன்வாசி கையில் சம்பளம் வர ஒரு மாதம் ஆகும். ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு நிறுத்தத்திலும் தேதியைச் சொல்லி, எண்ணிக்கையை 300, 200, 100 என்று இறக்கி, கடைசி நாளில் அடுப்புள்ளவர்களுக்கு மீதி மளிகையைப் பிரித்துக் கொடுங்கள். உடைத்த சாம்பார்ப்பொடி, எண்ணெய் எதையும் அடுத்த தடவைக்கென்று எடுத்துவைக்க வேண்டாம், காறிப்போகும். வரவு செலவைத் தேதிவாரியாக எழுதி, நன்கொடை கொடுத்த எல்லோருக்கும் அனுப்புங்கள். வீடு வீடாக எடுத்த நோட்டில் தொற்று வந்த வீடுகளின் முகவரியும் போன் நம்பரும் இருக்கும். அந்தப் பக்கங்களைக் கிழித்து எரித்துவிட்டு, அளவுகளும் நிறுத்தங்களும் எழுதிய பக்கங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.